அத்தான் வண்டியின் ஹேண்டில் லாக்

வேலையில்லாமல் வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளைக்குத் தெருவில் போகிற நாயைத் தவிர மற்ற எல்லாரும் மேலதிகாரிகள்தான். பால்காரர் தினமும், "என்ன தம்பி, ஒண்ணும் அமையலையா?" என்பார். தபால்காரர் அதைக்கூடக் கேட்க மாட்டார். என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். (எங்கள் தெரு நாய் மட்டும் ஒன்றும் கேட்டதில்லை. அதுவும் சும்மாதான் இருந்தது.) மெக்கானிக்கலில் டிப்ளமா முடித்துவிட்டு இராஜபாளையத்தில் இரண்டரை வருடம் இப்படி இருந்தேன். அந்த இரண்டரை வருடத்தில் எனக்கு உத்தரவு போடாத ஆள் ஊரில் குறைவு.

உத்தரவு போட்டவர்களில் முதல் இடம் எங்கள் அத்தானுக்கு. என் அக்கா சரஸ்வதியின் கணவர். பெயர் தங்கவேலு. ஊருக்குள் உரக்கடை வைத்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உரமூட்டை அடுக்குவதிலிருந்து தோசையை எந்தப் பக்கமாக மடிப்பது என்பது வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. அந்த முறைகளை அவர் பின்பற்றுவார் என்று அர்த்தமில்லை. மற்றவர்கள் பின்பற்றுகிறார்களா என்று பார்ப்பார். அது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு.

அவரிடம் ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள் இருந்தது. செகண்ட் ஹேண்டாக வாங்கியது. (கம்பெனி பெயர் வேண்டாம். தப்பு அவர்கள் மேல் இல்லை.) தினமும் காலையில் பழைய பனியனை நனைத்து அதைத் துடைப்பார். அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் அப்படி நெற்றியைத் துணி போட்டுத் துடைத்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

தொண்ணூறாம் வருடம், தை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும், அந்தத் தபால்காரரே ஒரு கவரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே புதிதாக ஒரு நூற்பாலை வந்திருந்தது. அங்கே மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் வேலை. நேர்முகத் தேர்வு வருகிற புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு. ஒரே ஒரு இடம்.

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். ஏறி உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். புத்தியுள்ளவன் அப்படித்தான் போவான். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் வேலைக்குப் போகிறவன் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போய் இறங்கினால் யார் மதிப்பார்கள் என்று நினைத்தேன். அக்கா வீட்டுக்குப் போய் அவளிடம் மெதுவாகச் சொன்னேன். அக்கா அத்தானிடம் கேட்டாள். நான் பக்கத்து அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒரு நாளைக்குத்தான. காலைல போய்ட்டு மத்தியானம் வந்துருவான்."

"அவனுக்கு என்னத்துக்கு வண்டி? பஸ்ஸு ஓடலையா?"

"நான் இதுவரைக்கும் ஒங்ககிட்ட என்ன கேட்டிருக்கேன்?"

அக்கா உண்மையிலேயே எதுவும் கேட்டதில்லை போலிருக்கிறது. அத்தான் யோசித்துப் பார்த்து ஒன்றும் அகப்படாமல் சரி என்றார்.

புதன்கிழமை காலை சாவிக்கொத்தை என் கையில் வைக்கும்போது நிபந்தனை வந்தது.

"ஏலே சுப்பு, வண்டிய எங்கன நிறுத்துனாலும் ஹேண்டில் லாக்கு போட்டுட்டுத்தான் அங்கிட்டு நகரணும். லாக்கு போடாம செத்த நேரம் நின்னுச்சுன்னாலும் அது நம்ம வண்டி இல்ல. வெளங்குதா?"

"வெளங்குது அத்தான்."

"ஒங்க அக்காகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. அவ கேட்டுத்தான் குடுத்திருக்கேன். ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவகிட்டதான் கேப்பேன்."

அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "லாக்கு போட்டுருதேன்க்கா," என்றேன். அக்கா என்னைப் பார்க்காமல், "சரி, பாத்துப் போ," என்றாள்.

புதுச் சட்டை, தேய்த்த பேண்ட், முன்னால் டேங்க் மேல் சர்டிபிகேட் பை. மலைக்காற்று முகத்தில் அடித்தது. சாலையில் போன மாட்டு வண்டிகளுக்கெல்லாம் ஹாரன் அடித்தேன். எதிரே வந்த டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து மனதுக்குள் பரிதாபப்பட்டேன். பத்து மணிக்கெல்லாம் ஆலைக்குள் போய்விட்டேன். ஒரு மணி நேரம் முன்னதாக வந்த என் பொறுப்புணர்ச்சியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆலைக்குச் சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் காம்பவுண்டுச் சுவர். ஒரே ஒரு இரும்புக் கேட். கேட்டில் ஞானமுத்து என்று ஒரு வாட்ச்மேன், ஐம்பது வயதுக்காரர். உள்ளே ஒரு வேப்ப மரம், அதன் கீழே வண்டி நிறுத்த இடம். அதற்கு நேர் எதிரே மாடி வைத்த ஆபீஸ் கட்டடம். மாடியில் வரிசையாக நாலு கண்ணாடி ஜன்னல்கள். நான் ஜன்னல்களைக் கவனிக்கவில்லை. நிழலைத்தான் கவனித்தேன்.

அந்தக் காலத்து வண்டிகளில் ஹேண்டில் லாக்குக்குத் தனிச் சாவி. ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பக்கம் ஒரு சின்னத் துவாரம் இருக்கும். ஹேண்டிலை இடது பக்கம் முழுக்க ஒடித்துக்கொண்டு, சாவியைப் போட்டுத் திருகி, உள்ளே அமுக்க வேண்டும். பூட்டுக்குள்ளிருந்து ஒரு பின் இறங்கி வண்டியின் சட்டத்தில் உள்ள ஓட்டையில் போய் உட்காரும். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு ஹேண்டில் அசையாது. வண்டியை யாரும் தள்ளிக்கொண்டு போக முடியாது. இதற்கு டிப்ளமா எல்லாம் தேவையில்லை.

ஒடித்தேன், போட்டேன், திருகினேன், அமுக்கினேன். டக் வரவில்லை.

மறுபடியும் செய்தேன். வரவில்லை. சாவியை எடுத்துச் சட்டையில் துடைத்துப் போட்டேன். துவாரத்தில் வாய் வைத்து ஊதினேன். உள்ளே இருந்த தூசி என் கண்ணுக்கு வந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டே ஹேண்டிலை மயிரிழை மயிரிழையாக அசைத்து அமுக்கிப் பார்த்தேன். பின் எங்கேயோ இரும்பில் போய் முட்டுவது விரலுக்குத் தெரிந்தது. ஓட்டை மட்டும் அகப்படவில்லை. சந்தேகத்துக்கு வலது பக்கம் ஒடித்தும் பார்த்தேன். வலது பக்கம் ஓட்டையே கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் நான் யாரையும் நம்பத் தயாராக இல்லை, என்னையும் சேர்த்து.

ஞானமுத்து கேட்டிலிருந்து நடந்து வந்தார்.

"என்ன தம்பி, வண்டி கூட மல்லுக்கட்டுதிய?"

"லாக்கு விழ மாட்டேங்குது அண்ணாச்சி."

"விழாட்டிப் போகுது. நான் இங்கனதான இருக்கேன். என்னைத் தாண்டி எவன் தள்ளிட்டுப் போவான்?"

ஒரு நிமிடம் யோசித்தேன். அவர் சொன்னது முழுக்க முழுக்க நியாயம். நான் சர்டிபிகேட் பையை எடுத்துக்கொண்டு, முகத்தைக் கழுவிவிட்டு, போய் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். இன்றைக்கு எழுதும்போது அந்த ஒரு நிமிடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அந்தப் பயல் என்ன செய்தான் தெரியுமா? "இல்ல அண்ணாச்சி, அத்தான் கண்டிசனா சொல்லியிருக்காக," என்றான்.

அத்தான் அங்கே இல்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கடையில் உட்கார்ந்திருந்தார். ஆனால் என் பிடரியில் அவர் மூச்சு பட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிப் போனதும், "லாக்கு போட்டியா?" என்று கேட்பார். போடவில்லை என்றால் அக்காவைப் பார்ப்பார். அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பயந்தேன் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிவந்தேன். பாதி அதுதான். மீதிப் பாதி வேறு. அதற்குள் வேலைக்கு வந்த மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக்குள் நுழைந்து, பெஞ்சில் உட்கார்ந்து, என்னை வேடிக்கை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பத்துப் பேர் இருப்பார்கள். எல்லாரும் மெக்கானிக்கல். அத்தனை மெக்கானிக்கலுக்கு முன்னால் ஒரு பூட்டிடம் தோற்றுப் போய் எழுந்து வர எனக்கு மனசு வரவில்லை.

"எண்ணெய் இருக்கா அண்ணாச்சி?"

ஞானமுத்து போய் ஒரு குப்பியில் மிஷினுக்குப் போடுகிற எண்ணெய் கொண்டுவந்தார். துவாரத்தில் ஊற்றினேன். உள்ளே போனது கொஞ்சம், டேங்க் வழியாக இறங்கி என் பேண்டுக்கு வந்தது மிச்சம். துடைக்கப் போய் அது கைக்கு வந்து, கையிலிருந்து சட்டைக்கு வந்து, வியர்வையைத் துடைத்தபோது நெற்றிக்கும் வந்தது. (அந்தப் புதுச் சட்டையின் நிறம் சந்தனம். அதற்கு அப்புறம் அதை என்ன நிறம் என்று சொல்வதென்றே தெரியவில்லை.)

பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். மம்சாபுரத்துக்காரர், கண்ணன் என்று பெயர் சொன்னார். பஸ்ஸில் வந்தவர். கைக்குட்டையைச் சட்டைக் காலருக்கு அடியில் வைத்திருந்தார். "கொஞ்சம் விடுங்களேன், நான் பாக்கேன்," என்றார்.

"வேண்டாம் சார், வந்துரும்," என்றேன்.

அவர் வண்டியை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், பெஞ்சுக்குத் திரும்பிப் போய்விட்டார். நல்ல மனுஷன்.

மணி பத்தே முக்கால். கடைசி வழி பலப்பிரயோகம் என்று முடிவு செய்தேன். ஞானமுத்துவிடம் முன் சக்கரத்தை முழங்காலால் முட்டி இடது பக்கம் தள்ளச் சொன்னேன். நான் ஹேண்டிலைக் கக்கத்தில் இடுக்கி, என் முழு எடையையும் போட்டுத் தொங்கினேன். ஒரு கையால் சாவியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கீழே கிடந்த கல்லை எடுத்துச் சாவியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

டக்.

அந்தச் சந்தோஷம் ஒரு விநாடி இருந்திருக்கும். சாவியைத் திருப்பி எடுக்கப் பார்த்தேன். அதன் தலை மட்டும் என் கையோடு வந்தது. மிச்சம் உள்ளேயே இருந்தது. ஹேண்டிலை அசைத்துப் பார்த்தேன். இடது பக்கம் ஒடிந்தபடியே இறுகி நின்றது. அத்தான் கேட்டபடி லாக் விழுந்துவிட்டது. இனிமேல் அந்த வண்டியை யாரும் எங்கேயும் கொண்டுபோக முடியாது. நானும்தான்.

ஞானமுத்து முழங்காலைத் தடவிக்கொண்டே, "கர்த்தாவே," என்றார்.

என்னை மூன்றாவதாகக் கூப்பிட்டார்கள். மாடியில் ஒரு பெரிய மேஜை, அதற்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஜெனரல் மேனேஜர், கோயம்புத்தூர்க்காரர். அவருக்குப் பின்னால் நாலு கண்ணாடி ஜன்னல்கள். ஜன்னல் வழியாக வேப்ப மரமும், அதன் கீழே தலையை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிற என் வண்டியும் பளிச்சென்று தெரிந்தன. அப்போதுதான் ஜன்னல்களைக் கவனித்தேன்.

அவர் சர்டிபிகேட்டை வாங்கவில்லை. (வாங்கியிருந்தால் எண்ணெய் கையில் ஒட்டியிருக்கும்.) "உக்காருங்க தம்பி," என்றார். உட்கார்ந்தேன்.

"முக்கா மணி நேரமாப் பாத்துட்டு இருக்கோமுங்க. என்ன பிரச்சினை வண்டில?"

"ஸ்டியரிங் லாக் என்கேஜ் ஆகலை சார்."

"ஏன் ஆகலைன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"லாக்குக்குள்ள துரு சார். ஸ்பிரிங் டென்ஷனும் குறைஞ்சிருக்கு. எண்ணெய் போட்டு, கொஞ்சம் இம்பாக்ட் குடுத்து, இப்ப சரி பண்ணிட்டேன் சார்."

பக்கத்தில் இருந்த ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி வண்டியைப் பார்த்தபடியே பேசினார்.

"ஹேண்டில் வலது பக்கம் திரும்புற அளவுக்கு இடது பக்கம் திரும்பலைங்க தம்பி. மேல இருந்தே தெரியுது. வண்டி எங்கயோ விழுந்திருக்கு. அதான் பின் ஓட்டைக்கு நேரா வரலை. நீங்க பக்கத்துல நின்னு பாக்கலீங்களா?"

நான் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் அதைக் கட்டிப் பிடித்து உருண்டேன். இரண்டு பக்கமும் ஒடித்தேன். ஆனால் பார்க்கவில்லை.

"சரி, அத விடுங்க. காம்பவுண்டு இருக்கு, கேட் இருக்கு, வாட்ச்மேன் இருக்கார். லாக் போடலைன்னா என்னங்க ஆகியிருக்கும்?"

"எங்க அத்தான் போடச் சொன்னாங்க சார்," என்றேன்.

இருபத்து மூன்று வயது ஆண்பிள்ளை, டிப்ளமா முதல் வகுப்பு, மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் வேலைக்கு வந்தவன், மூன்று பெரிய மனிதர்களுக்கு முன்னால் சொன்ன பதில் அது. அதற்கப்புறம் அவர்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? மேனேஜர் மிகவும் மரியாதையாக, "நல்லதுங்க, போய்ட்டு வாங்க," என்றார். அந்த 'ங்க' இன்னும் காதில் இருக்கிறது. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

கீழே வந்தால் வண்டி அப்படியே நின்றது. தள்ளினால் வட்டமாகத்தான் போனது. வேப்ப மரத்தை இரண்டு சுற்று சுற்றினேன். பெஞ்சில் இருந்தவர்கள் இப்போது மறைக்காமலே சிரித்தார்கள். ஞானமுத்துதான் மனசு இறங்கி, இராஜபாளையத்துக்குக் கழிவுப் பஞ்சு ஏற்றிக்கொண்டு கிளம்பிய லாரிக்காரரிடம் சொன்னார். நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கிப் பஞ்சு மேல் படுக்க வைத்தார்கள். அது சரியாமல் இருக்க நான் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். காற்றில் பறந்த பஞ்செல்லாம் என் மேலிருந்த எண்ணெயில் வந்து ஒட்டிக்கொண்டது. காலையில் பரிதாபப்பட்ட அதே சாலை. டவுன் பஸ் ஒன்று எங்களை முந்திப் போனது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

காதர் பாய் மெக்கானிக் ஷெட்டில் இறக்கிவிடச் சொல்லியிருந்தேன். அத்தான் வண்டியை எப்போதும் பார்க்கிறவர் அவர்தான். ஆனால் அங்கே போக அத்தான் கடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்டினோம். அத்தான் கல்லாவில் இருந்து எழுந்து நிற்பதைப் பார்த்தேன். முதலில் வண்டியை அடையாளம் கண்டுகொண்டார். பஞ்சுக்குள் இருந்த என்னை அப்புறம்தான். லாரி நின்ற ஐந்தாவது நிமிடம் ஷெட்டுக்கு நடந்தே வந்துவிட்டார்.

"டிப்ளமாவாம்ல டிப்ளமா. ஒரு பூட்டப் பூட்டத் தெரியல. எம்புட்டு வருசமா பூப்போல வச்சிருந்த வண்டி. ஏலே, இத ஒங்கிட்டக் குடுத்தேன் பாரு, என்னையச் சொல்லணும்."

ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். காதர் பாய் குனிந்து பூட்டைப் பார்த்தார், ஹேண்டிலைப் பார்த்தார், அப்புறம் நிமிர்ந்து அத்தானைப் பார்த்தார். விஷயம் தெரியாத மனுஷன், வெள்ளந்தியாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, இது நீங்க வத்திராயிருப்புப் பக்கம் விழுந்தியள்ல, அப்ப ஆனதுல்லா. ஹேண்டிலு முட்டுற எடம் வளைஞ்சு முன்னுக்கு வந்துருச்சு. பின்னு ஒரு நூலு தள்ளி நிக்குது, லாக்கு விழாது, மாத்திருவோமான்னு அப்பவே கேட்டேன். 'லாக்க எவன் போடுதான், விடு'ன்னிய. ரெண்டு வருசமாச்சே."

அத்தான் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் முதன்முதலாகத் தலையை நிமிர்த்தி அவரை நேராகப் பார்த்தேன். இரண்டு வருடமாக அந்த லாக்கை அவர் ஒரு நாள்கூடப் போட்டதில்லை. போட முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். சும்மா சொல்லி வைத்தார். சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே என்று சொன்னார்.

நான் நினைத்தேன், இப்போது ஒரு வார்த்தை சொல்வார் என்று. மறந்துட்டேன் சுப்பு, என்று சொன்னால்கூடப் போதும்.

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதெல்லாம் சரி. சாவிய ஒடிச்சது யாரு? அவந்தான?" என்றார். காதர் பாய் மறுபடியும் பூட்டைப் பார்க்கக் குனிந்தார். ஒடித்தது நான்தானே. அதற்குள் அத்தான் கடையைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார்.

சாயந்திரம் அப்பா என்னைக் கூப்பிட்டார். நடந்தது முழுவதையும் சொன்னேன். காதர் பாய் சொன்னதை இரண்டு தடவை சொன்னேன். அப்பா உள்ளூர் ஆலை ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் குறுக்கே பேசாமல் கேட்பார். கேட்டு முடித்துவிட்டு, "எல்லாம் சரிதான். ஆனா மாப்பிள்ளை வண்டி. போய் ஒரு வார்த்தை தப்பாப் போச்சுன்னு சொல்லிட்டு வந்துரு," என்றார்.

"தப்பு அவிய மேலப்பா."

"அது எனக்குத் தெரியாதா? ஒன் அக்கா அங்க இருக்கால்லா."

அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் குளித்துக்கொண்டிருந்தார். அக்கா அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளாவது என் பக்கம் பேசுவாள் என்று நினைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"அக்கா, அந்த லாக்கு ரெண்டு வருசமாவே வேலை செய்யாதாம். அத்தானுக்குத் தெரியுமாம்."

"எனக்கும் தெரியும்," என்றாள் அக்கா.

"தெரிஞ்சுமா காலைல சொல்லாம இருந்த?"

அக்கா கத்தியை வைத்தாள். "அவர் முன்னால நான் எப்படிச் சொல்லுவேன்? லாக்கு கெட்டுக் கெடக்குன்னு நான் சொன்னா, அவர் சொன்னது பொய்யின்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆகாதா? நீயும் சரின்னு தலைய ஆட்டிட்டுப் போவ, போட மாட்டன்னு நெனச்சேன். அவர் சொல்லுததெல்லாம் செய்யணும்னு இருக்கால? சரிங்கணும், பொறவு நம்ம பாட்டுக்கு இருக்கணும். நான் அப்படித்தான இருக்கேன். நீ ஏன்ல போயி அம்புட்டு அழுத்துன?"

அவள் மறுபடியும் வெண்டைக்காயை எடுத்தாள். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவள் தன் வாழ்க்கையைப் பற்றி என்னிடம் சொன்னது அவ்வளவுதான். அதற்கு அப்புறமும் சொன்னதில்லை.

அத்தான் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். "தப்பாப் போச்சு அத்தான்," என்றேன். அவர் பெருந்தன்மையோடு கையை அசைத்தார். "சரி விடு. வேலை தேடுனதெல்லாம் போதும். நாளையில இருந்து கடைக்கு வந்துரு. மூட்டைய எண்ணி எறக்க ஆள் இல்லாமத்தான் கெடக்கேன்."

வேலைக்குக் கண்ணனை எடுத்துக்கொண்டார்கள். இது எனக்குக் கண்ணனே சொல்லித் தெரியும். மூன்று வருடம் கழித்து வீட்டுத் தென்னைக்கு மருந்து வாங்கக் கடைக்கு வந்தார். நான் அளந்து கொடுத்தேன். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க அந்த லாக்குக்காரர்தான?" என்றார். ஆமாம் என்றேன். அவர் வந்தது சொந்த மோட்டார் சைக்கிளில். கடைக்கு வெளியே சும்மா நிறுத்திவிட்டு வந்திருந்தார். பூட்டவில்லை. சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அது என்னைக் குத்திக்காட்டச் செய்தது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். (அந்த மனுஷன் அப்படிப்பட்டவர் இல்லை. அவருக்கு அவசரம், அவ்வளவுதான்.)

உரக்கடையில் பதினோரு வருடம் இருந்தேன். பிறகு தனியாக மோட்டார் ரீவைண்டிங் கடை போட்டு, கல்யாணம் செய்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஒரு வழியாக ஆகிவிட்டது. ஆனால் குடும்பத்தில் நான் இன்றைக்கும் 'லாக்கு மாமா'தான். பெயர் வைத்தவர் அத்தான். சடங்கு வீடு, காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று எந்த விசேஷமானாலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது அந்தக் கதையை எடுத்துவிடுவார். நன்றாகவே சொல்வார். நான் ஹேண்டிலில் தொங்கியதை எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். பஞ்சு ஒட்டிய என் முகத்தை வர்ணிப்பார். சின்னப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அவர் கதையில் வத்திராயிருப்பு வராது. காதர் பாய் வரமாட்டார். நல்ல பூட்டை ஒரு டிப்ளமாக்காரன் கல்லால் தட்டி உடைத்த கதை அது. ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை நடுவில் புகுந்து, "அந்த லாக்கு ஏற்கெனவே..." என்று தொடங்கினேன். "ஒங்களுக்கு ஒரு வேடிக்கைகூடத் தாங்காது," என்றாள் என் மனைவி. நிறுத்திவிட்டேன். முப்பது வருடம் உம்மென்று உட்கார்ந்து, அந்தக் கதையை நூறு தடவைக்கு மேல் கேட்டிருப்பேன்.

நாலு வருடத்துக்கு முன்னால் அத்தான் இறந்துபோனார். மாரடைப்பு, கடையிலேயே. அடுத்த வருடம் அக்கா பேரனுக்கு மொட்டையடித்துக் காது குத்தினார்கள். பந்தி முடிந்தது, வெற்றிலைத் தட்டு வந்தது, எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். திடீரென்று பேச்சு நின்று ஒரு அமைதி. அந்த இடத்தில் யார் பேசியிருப்பார் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். அக்கா மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்துப் போயிருந்தது.

"சுப்பு," என்றாள். "அந்த லாக்கு கதைய நீ சொல்லேன்."

முப்பது வருடமாக நான் காத்திருந்த சந்தர்ப்பம். குறுக்கே பேச ஆளில்லை. உண்மையான கதையை நான் மனதுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். எங்கே நிறுத்த வேண்டும், காதர் பாய் வாயால் எதைச் சொல்ல வைக்க வேண்டும் என்பதுவரை தயார். காலையில் அத்தான் சாவியைக் கையில் வைத்ததில் தொடங்கினேன். லாக்கு போட்டுட்டுத்தான் நகரணும் என்று அவர் குரலிலேயே சொன்னேன். சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரியும் அல்லவா, அதுதான்.

நான் எழுந்து நின்றேன். ஹேண்டிலில் தொங்கிக் காட்டினேன். கல்லை எடுத்துத் தட்டிக் காட்டினேன். பஞ்சைப் பிய்த்துக் காட்டினேன். வத்திராயிருப்பைச் சொல்லவில்லை. "நல்ல பூட்டுதான். நான்தான் தட்டி உடைச்சிட்டேன்," என்று முடித்தேன்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அக்காவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அவிய சொன்ன மாதிரியே சொல்லுதான்," என்றாள் பக்கத்தில் இருந்தவர்களிடம். இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் என்னைத்தான் சொல்லச் சொல்கிறார்கள்.